ஏழு உருளைக்கிழங்கும் ஒரு வாளி ஜாமும்

ஹில்டிங் புர்ஸ்ட்ரோம் மதியத்துக்கு ஏழு உருளைக்கிழங்கு தின்கிற மனிதர். விருந்து என்றால் பத்து. இதை ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு சங்கதிகளும் உண்டு. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவர். ஆற்றில் மரம் மிதக்கவிடும் வேலையில் இடுப்பளவு நனைந்து நின்றவர். இருபத்தெட்டு வயதில் கண்ணாடிகூட இல்லாத ஓட்டை டிராக்டர் ஒன்றை வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டி, அதிலிருந்து இன்றைக்கு முற்றத்தில் நிற்கும் பனி தள்ளும் லாரி வரைக்கும் எவன் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தவர். ஸ்டோர்மிர் கிராமத்துச் சாலையில் நாற்பது குளிர்காலமாக அவர்தான் பனி தள்ளுகிறார். பள்ளி பஸ்ஸும் பால் வண்டியும் பிரசவ வலி வந்தவளும் அவர் போட்ட தடத்தில்தான் வெளியே போயிருக்கிறார்கள். பரீட்சை எழுதிப் பாஸானவன் எவனும் அந்தத் தடத்தைப் போட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவரை மே மாதக் கடைசியில் சுகாதார நிலையத்து நர்ஸ் தெரேஸ் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, பேத்தி வயசுக்காரி, விரலில் குத்திவிட்டாள்.

"மூணு மாசச் சர்க்கரை அறுபத்தொம்பது, ஹில்டிங். மாத்திரையும் முழுசாப் போட்டாச்சு. இதுக்கு மேல ஊசிதான்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் தூங்குறேன்."

"தூங்குறியா? பட்டப்பகல்ல, சாப்பிட்ட கையோட, நாற்காலியில. உம் பொண்டாட்டி சொல்லிட்டா."

அந்தப் பனி நாட்டில் மன்னரைத் தவிர எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். அதனால் ஹில்டிங்குக்குக் கோபம் அதில் வரவில்லை. மனைவி மைவோர் போட்டுக்கொடுத்ததில்தான் வந்தது.

தெரேஸ் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். அந்த நாட்டு அளவில் நாற்பத்திரண்டுக்குக் கீழே இருந்தால்தான் நல்ல உடம்பு. அக்டோபர் கடைசிக்குள் அந்த எண் அறுபதுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஊசி. ஊசி தொடங்கினால் கனரக வண்டி ஓட்டுவதற்கான மருத்துவச் சான்றை முதலிலிருந்து பார்க்க வேண்டும். அது வசந்தம் வரைக்கும் இழுக்கும்.

"வசந்தத்துல எதைத் தள்ளுறது? பட்டாம்பூச்சியவா?" என்றார் ஹில்டிங்.

ஊசியாவது போகட்டும். நவம்பர் முதல் ஞாயிறன்று, பனி தள்ளும் வேலை யாருக்கு என்று முடிவு செய்யச் சாலைச் சங்கம் கூடும். சான்று இல்லாதவனுக்குச் சாலை கிடையாது. சாலை யாருக்குப் போகும் என்பதும் ஊருக்கே தெரியும். மைவோரின் தம்பி ரோலண்ட், சூடேறும் இருக்கையும் பாட்டுப் பெட்டியும் வைத்த புது டிராக்டரை மூன்று வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறான். அக்காள் புருஷன் தும்மினால்கூட "உடம்பு எப்படி இருக்கு மச்சான்?" என்று அக்கறையாக விசாரிப்பான்.

தெரேஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். வட்டமாகத் தட்டு வரைந்து மூன்றாகப் பிரித்திருந்தது. ஒரேயடியாக விட வேண்டாம், மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, உடம்பும் மனசும் பழகட்டும் என்றாள். அதை ஹில்டிங் தனக்குத் தெரிந்த கணக்கில் மொழிபெயர்த்துக்கொண்டார். வாரத்துக்கு ஓர் உருளைக்கிழங்கு குறைவு.

முதல் வாரம் ஆறு. அன்றைக்குச் சட்டியிலிருந்து அவர் பொறுக்கி எடுத்த ஆறும் ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு இருந்தன.

"இது என்ன கணக்கு?" என்றாள் மைவோர்.

"ஆறுதானே? எண்ணிக்கோ."

"ஏழைவிட இந்த ஆறு அதிகம்டா கிழவா. என்னையா ஏமாத்துற, உன் ரத்தத்தையா?"

மறுநாளிலிருந்து கிழங்கு வாங்குவதும் அவிப்பதும் அளவாகப் பொறுக்குவதும் மைவோர் கையில். ஜூன் மூன்றாம் வாரம் நடுக்கோடைத் திருநாள் வந்தது. நகம் பட்டாலே தோல் உரியும் புதுக்கிழங்கு, மேலே சோம்புக்கீரை, பக்கத்தில் ஊறவைத்த ஹெர்ரிங் மீன். ஊரே பூச்சூடி ஆடிக்கொண்டிருக்க, ஹில்டிங் நான்கு கிழங்கோடு துக்க வீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு மூன்று. பிறகு இரண்டு. காப்பிக்குத் தின்னும் ஏலக்காய் பன் மூன்றிலிருந்து ஒன்றாகி, ஒன்று பாதியாகி, பாதியும் போய், அந்த இடத்தில் சீஸ் துண்டின் மேல் வெண்ணெய் தடவித் தின்னப் பழகினார். ரொட்டி போயிற்று. வட்டமான மொறுமொறு ரொட்டியின் நடுவில் ஓட்டை இருக்கிறதே, ஓட்டைக்குக் கணக்கு உண்டா என்று ஒரு வாரம் வாதாடிப் பார்த்து, அதையும் விட்டார்.

ஆகஸ்டில் தட்டில் ஒரே ஒரு கிழங்கு. எஞ்சிய இடமெல்லாம் இறைச்சி, முட்டைக்கோஸ், வெண்ணெய்.

இத்தனை செய்த மனிதன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? பெட்ரோல் பங்கின் காப்பி மேசையில் காலை பத்து மணிக்கு உட்காரும் ஆண்களுக்குத் தினமும் பிரசங்கம். பன்னை எடுக்கிறவன் கையை வழியிலேயே மறித்தார்.

"விஷம்! அதைத் தின்னு தின்னுதான் உனக்கு அந்தத் தொந்தி. என்னைப் பாரு. ஏழுல இருந்து ஒண்ணு. எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்கல. நானே."

"அந்த நர்ஸ் பொண்ணு தாள் குடுத்தாளாமே?" என்றான் ரோலண்ட், இரண்டாவது பன்னைக் காப்பியில் நனைத்தபடி.

"தாள் எல்லாருக்கும்தான் குடுக்குறா. செஞ்சவன் எவன்?"

"அதுவும் சரிதான் மச்சான். ஆனா வயித்தைப் பாத்தா செஞ்ச மாதிரி தெரியலையே."

மேசையே சிரித்தது. ஹில்டிங்கும் குனிந்து பார்த்தார். உண்மைதான், பெல்ட் அதே ஓட்டையில்தான் நின்றது. தசை கூடியிருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் கடைசியில் நடுத்தவணைப் பரிசோதனை. ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டதால், எண்ணைக் காதால் கேட்கச் சாட்சியாக மைவோரையும் கூட்டிக்கொண்டு போனார். தெரேஸ் கணினியைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"எழுபத்திமூணு."

"எவனுது?"

"உன்னுதுதான்."

"மிஷின் கெட்டுப்போச்சு."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. ஹில்டிங், வழக்கமா ஒரு நாளைக்கு என்னதான் சாப்பிடுற? மறைக்காம சொல்லு."

ஹில்டிங் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். காலையில் ரத்தப் புட்டு, கிழங்கு இல்லாமல். மதியம் எல்க் மான் இறைச்சி, ஒரே ஒரு கிழங்கு. சாயங்காலம் இறைச்சி உருண்டை, கிழங்கு இல்லாமல். ஈரல் உண்டு, வாட்டிய பன்றிக்கறி உண்டு. பன் கிடையாது, ரொட்டி கிடையாது.

"ரத்தப் புட்டுல மாவு இருக்கு. அதைப் பிறகு பாப்போம். கறியை எதோட தின்னுற? அவ்வளவு கறி எப்படித் தொண்டையில இறங்குது?"

"எதோடயும் இல்ல. வெறுங்கறி."

மைவோர் கைப்பையை மடியில் இறுக்கினாள். "வெறுங்கறியா? ஜாம் இல்லாம ஒரு வாய் வெச்சிருக்கியா நீ?"

"ஜாமைக் கேக்கலையே அவ! சாப்பாட்டைத்தான் கேட்டா."

"வாரத்துக்கு ஒரு வாளி, தெரேஸ். மூணு லிட்டர் வாளி. கிழங்கு கொறையக் கொறைய ஜாம் ஏறிக்கிட்டே போச்சு. கறி தெரியாது தட்டுல, செக்கச்செவேல்னு இருக்கும்."

லிங்கோன் ஜாம். காட்டில் தரையோடு கிடக்கும் சிவப்புப் பழம். அந்த ஊர்ப்பக்கம் இறைச்சி, மீன், ரத்தம், ஈரல் என்று எது தட்டில் விழுந்தாலும் பக்கத்தில் அது விழும். ஹில்டிங்கின் ஜாம் அவரே பொறுக்கி, அவரே கிண்டியது. எங்கே பொறுக்குகிறார் என்பது மைவோருக்குக்கூடத் தெரியாது. கிலோ பழத்துக்குக் கிலோ சர்க்கரை.

"அது புளிக்கும்! பன்னு இனிக்கும், இது புளிக்கும். காட்டுல விளையுறது, மருந்து அது. அதுல என்ன இருக்கு?"

"பாதி சர்க்கரை இருக்கு," என்றாள் தெரேஸ். மேசையிலிருந்து அந்தத் தட்டுப் படத் தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். ரொட்டி இருந்தது, அரிசி இருந்தது, குளிர்பானம் இருந்தது, பிட்சாகூட இருந்தது. ஜாம் இல்லை. அவளும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"நானும் கேக்கல," என்றாள். "என் அப்பாவுக்கும் இதே வியாதிதான். அவர்கிட்டயும் நான் ஒரு தடவைகூட ஜாமைக் கேட்டதில்ல."

மூன்று வருஷக் கல்லூரிப் படிப்பு, சுவரில் சட்டம் போட்ட பட்டம். ஆனாலும் ஜாமைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. இதை ஹில்டிங் உடனே பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதையே சொன்னார். மைவோர் வண்டியை ஓட்டியபடி, "அவ அப்பனுக்குப் பனி தள்ளுற வேலை போகப் போறதில்ல. உனக்குத்தான் போகப்போகுது," என்றாள்.

இரண்டே மாதம். அதில் ஒன்று செப்டம்பர், லிங்கோன் பழுக்கிற காலம்.

பழத்தை விட முடியாது என்றார் ஹில்டிங். பழத்தை விட வேண்டாம், சர்க்கரையை விடு என்றாள் மைவோர். அதையும் படிப்படியாகத்தான். முதல் வாரம் கிலோவுக்கு முக்கால் கிலோ. அடுத்த வாரம் அரை. அப்புறம் கால். அதற்கு அடுத்து ஒரு கைப்பிடி. தினம் ஒரு கரண்டிதான். அந்தக் கரண்டியும் மைவோரிடம்தான் இருந்தது. செப்டம்பர் கடைசியில் சர்க்கரையே இல்லாமல் வெறும் தண்ணீரில் ஊறிய பழம். முதல் வாய் வைத்தபோது ஹில்டிங்கின் காது இரண்டும் பின்னுக்குப் போயின. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"எப்படி இருக்கு?" என்றாள் மைவோர்.

"பேட்டரி ஆசிட் மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."

பெட்ரோல் பங்கில் பிரசங்கம் நின்றுபோயிற்று. அதைக் கவனித்தவன் ரோலண்ட் ஒருவன்தான். அக்டோபர் இரண்டாம் வாரம் அவன் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு அழைத்தான். விருந்தில் பால்ட்.

பால்ட் என்றால் அரைத்த உருளைக்கிழங்கும் வாற்கோதுமை மாவும் பிசைந்து, நடுவில் உப்புப் பன்றிக்கறி வைத்து அவித்த கொழுக்கட்டை. ஆண்பிள்ளையின் கை முஷ்டி அளவு. தின்று முடித்தவன் நாற்காலியிலேயே கண் சொருகிப்போவான். யார் எத்தனை தின்றார்கள் என்பதை அந்த ஊரில் கல்லறை வரைக்கும் நினைவில் வைத்திருப்பார்கள். ஹில்டிங்கின் எண்ணிக்கை பதினொன்று. இருபது வருஷமாக எவனும் தாண்டவில்லை.

மேசையைச் சுற்றிப் பெட்ரோல் பங்கின் ஆண்கள் எல்லாரும் இருந்தார்கள். ரோலண்ட் ஆவி பறக்கும் சட்டியை ஹில்டிங்குக்கு நேர் எதிரில் வைத்தான். பக்கத்தில் வெண்ணெய். அதற்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஜாம்.

"எடு மச்சான். வருஷத்துக்கு ஒரு நாள். ஒண்ணு ரெண்டு தின்னா என்ன ஆயிடும்? இல்ல, வயசாயிடுச்சுன்னா வேணாம். உனக்கு வேணும்னா சூப்பு சுட வெக்கச் சொல்றேன்."

மைவோர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

இப்படிப்பட்ட சொல்லை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது ஹில்டிங்கின் சுபாவம் இல்லை. அதே சமயம் ஜன்னல் வழியாக, புது டிராக்டரின் முன்னால் ஏற்கனவே மாட்டி வைத்திருக்கும் பனித் தகடு தெரிந்தது. மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பால்ட்டை எடுத்துத் தட்டில் போட்டார். கத்தியால் நடுவில் பிளந்தார். உள்ளே இருந்த கறியை ஒரு துண்டு விடாமல் வழித்து வாயில் போட்டார். மாவை அப்படியே தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"என்ன பண்ற?" என்றான் ரோலண்ட்.

"பால்ட் சாப்பிடுறேன். ரெண்டு."

"அது சாப்பிடுறதா?"

"மூணு. எண்ணிக்கிட்டே வா, எனக்குப் படிப்புக் கம்மி."

பன்னிரண்டாவதில் நிறுத்தினார். தட்டைச் சுற்றி மேசைவிரிப்பில் வெற்று ஓடுகள் மலை மாதிரி குவிந்திருந்தன. கிழங்கைச் சீவியும் பிசைந்தும் காலையிலிருந்து நின்ற ரோலண்டின் மனைவி கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். மற்றவர்களுக்குப் பால்ட் போதவில்லை. ஒருத்தன் மட்டும், "எண்ணிக்கை எண்ணிக்கைதான்," என்று முணுமுணுத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் மைவோர், "மானத்தை வாங்கிட்ட," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஜாமைத் தொடல," என்றாள்.

அக்டோபர் முப்பதாம் தேதி தெரேஸ் எண்ணைப் படித்தாள். ஐம்பத்தெட்டு.

"நான் செஞ்சேன்," என்றார் ஹில்டிங், மைவோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. அப்புறம் அந்தத் தட்டுப் படத் தாளில் ஜாமைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன் என்று காட்டினாள் தெரேஸ். யார் கண்டுபிடித்தது என்று கீழே பெயர் போட வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் சான்றை மேசையில் வைத்தார். இந்த வருஷமும் சாலை அவருக்கே. ரோலண்ட்கூடக் கையைத் தூக்கினான். எதிராகத் தூக்க அந்த ஊரில் யாருக்கும் வராது.

பத்து நாள் கழித்து முழங்கால் அளவு பனி விழுந்தது. காலை ஏழு மணிக்கு ஹில்டிங் சாலையின் மேல் கோடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் முன்னால் தகட்டைச் சற்றுத் திருப்பி, பனியை வாசலில் விடாமல் தாண்டி எடுத்துப்போவது அவர் வழக்கம். நாற்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகத் திரும்பும். ரோலண்ட் வீட்டு வாசலில் மட்டும் அந்தக் கை திரும்பவில்லை. இடுப்பளவு பனி, நல்ல ஈரமாக, கனமாக, வாசலை அடைத்துக்கொண்டு விழுந்தது.

சாலையின் கீழ்க் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தபோது ரோலண்ட் மண்வாரியோடு நின்றிருந்தான். புது டிராக்டர், பனித் தகட்டைக் கழற்றிவிட்ட நிலையில், அந்தக் குவியலுக்கு உள்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில். முகமெல்லாம் வேர்வை. ஹில்டிங் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தினார், அங்கே வழியில் எதிர்ப்படுகிற யாருக்கும் உயர்த்துவது போல.

ரோலண்ட் மண்வாரியைப் பனியில் ஊன்றினான். கொஞ்சம் யோசித்தான். அப்புறம் அவனும் கையை உயர்த்தினான்.