உப்பளத்து டிராக்டரும் ஒரு பாட்டில் மருந்தும்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எண்ணூருக்கு வடக்கே அத்திப்பட்டில் என் கணவர் உப்பளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு மதராஸுக்கு வந்து திருவொற்றியூரில் குடியேறினோம். உப்பு வாரும் காலத்தில் மட்டும் அளத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கிவிடுவோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள்தான். வாரிய உப்பை மேடான கால்வாய்க்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், அங்கிருந்து படகில் பட்டணத்துக்குப் போகும்.

எல்லோரும் மாட்டுவண்டியில் உப்பு ஏற்றிய காலத்தில் என் கணவர் மட்டும் ஒரு டிராக்டர் வாங்கினார். உலகப்போர் முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துக்கட்டிய பழைய டீசல் டிராக்டர், ஏலத்தில் வந்தது. அக்கம்பக்கத்து அளக்காரர்கள், "யானையைக் கட்டித் தீனி போடப் போறார்" என்று சிரித்தார்கள். அந்த யானையும் அதற்கேற்றபடிதான் நடந்துகொண்டது. கரும்புகை கக்கும். சுமை ஏறினால் திணறும். உப்புக்காற்றில் நின்று நின்று உடம்பெல்லாம் துரு.

இந்த நிலைமையில்தான் ராயபுரத்திலிருந்து சைக்கிளில் ஒரு வியாபாரி வந்தார். துறைமுகத்து லாரிக்காரர்களுக்கு இன்ஜின் சாமான்கள் விற்பவர். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக ஏதோ மருந்து. டீசலோடு கலந்து ஊற்றினால் இன்ஜினுக்குள் படிந்த கசடெல்லாம் கரைந்துபோகுமாம்.

"கெய்வனுக்கு டானிக் குட்த்தா எய்ந்து ஓடுவான்ல? அத்த மாரிதான் நைனா இதுவும். பயசான வண்டிக்குத்தான் இது முக்கியமா வோணும்" என்றார்.

என் கணவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊரில் என் அப்பா மாவு மில் வைத்திருந்தார். டீசல் இன்ஜின் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். மில் இன்ஜின் மக்கர் செய்தால் அப்பா முதலில் டீசல் ஊற்றும் எண்ணெய்த் தொட்டியைத்தான் திறந்து பார்ப்பார். அதைச் சொன்னேன். "மாவு மில்லும் டிராக்டரும் ஒண்ணாட்டி?" என்று கேட்டுவிட்டு மருந்தை ஊற்றினார்.

மறைக்காமல் சொல்கிறேன், வண்டி அருமையாக ஓடியது. புகை குறைந்தது. சத்தம்கூட மெதுவானது போலிருந்தது. "பாத்தியா? ஓடுதுல்லா?" என்று அன்று முழுக்க என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தார். ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்தடுத்த நாட்களில் கதை மாறியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே வண்டி இருமும், குலுங்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பினால் ஓடும். மறுபடியும் நிற்கும். மருந்து போதவில்லை என்று அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். இன்னும் மோசமானது. அப்படி நின்றுபோன வண்டியைக் கிளப்ப, ஒருநாள் அவர் முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றினார். இன்ஜின் பின்னடித்து, கைப்பிடி எகிறி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. மழைக்காலம் பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று என்று காத்திவாக்கத்து மீனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். எங்கள் உப்பில் பெரும்பகுதி பள்ளமான இடத்தில் அம்பாரமாகக் கிடந்தது. மேலே ஓலை போட்டு மூடலாம். ஆனால் கடல் முகத்துவாரத்திலிருந்து தண்ணீர் ஏறினால் அடியிலிருந்தே கரைத்துக்கொண்டு போய்விடும். பக்கத்து அளக்காரர்கள் நிலைமை அதைவிட மோசம். கோமாரி வந்து அவர்களுடைய மாடுகள் படுத்துக் கிடந்தன. சிரித்தவர்களே இப்போது எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள்.

"இன்னொரு பாட்டில ஊத்திக் கெளப்பிப் பாப்போம்" என்றார் என் கணவர்.

"ஊத்த வேண்டாம். தொட்டியைத் தெறக்கணும்" என்றேன்.

"தெறந்து போட்டுட்டு மூட முடியாமப் போச்சுன்னா? உள்ளதும் போயிரும்லா?"

அவர் பயந்ததில் தப்பில்லை. ஓடுகிற வேளையில் ஓட்டிக்கொண்டால் பாதி உப்பாவது தேறும். பிரித்துவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் விழித்தால் முழுவதும் போய்விடும். அப்பா பிரித்துப் பார்த்திருக்கிறேனே தவிர, நானாகப் பிரித்ததில்லை. ஆனால் அந்த வண்டி இருமிய இருமலை நான் ஊரில் கேட்டிருக்கிறேன். எண்ணெய் கிடைக்காமல் தொண்டை அடைக்கிற சத்தம் அது.

உப்பு அள்ள வரும் பெண்களில் ஒருத்தி எனக்குத் தோழி மாதிரி. காத்திவாக்கத்துக்காரி. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், தலைச்சும்மாட்டை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

"நீ தொற அக்கா. இன்னா புடிக்கணுமோ சொல்லு, நாங்க புடிச்சிகினு நிக்கிறோம்" என்றாள்.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். தொட்டியின் அடித்திருகைக் கழற்றியதும் முதலில் வந்தது தண்ணீர். அதன் பிறகு கறுப்பாக, கூழ் மாதிரி, துருவும் சகதியும் கலந்து வந்தது. என் கணவர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்போது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மருந்து பொய் இல்லை. சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. வருஷக்கணக்காகத் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கிடந்த கசடை உரித்து இறக்கியிருக்கிறது. இறங்கிய கசடெல்லாம் போய் எண்ணெய் வடிகட்டியில் அடைத்துக்கொண்டது. மேலும் மேலும் ஊற்ற, மேலும் மேலும் அடைத்தது. போதாக்குறைக்கு, நாங்கள் டீசல் வாங்கி வைத்திருந்த பீப்பாயிலேயே தண்ணீர் இறங்கியிருந்தது.

தொட்டியை டீசலாலேயே அலசினோம். வடிகட்டியைக் கழுவினோம். என் கணவரின் வேட்டி ஒன்றை மடித்துக் கட்டி, பீப்பாயில் மேலாகத் தெளிந்து நின்ற டீசலை அதில் வடித்து ஊற்றினாள் என் தோழி. கடைசியாகக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று இருந்தால் டீசல் வண்டி கிளம்பாது. குழாயிலுள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்திக் கைபம்பை அடித்தேன். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று சுத்தமான எண்ணெய் வந்ததும் இறுக்கினேன். பிறகு அவளும் இன்னொருத்தியும் சேர்ந்து கைப்பிடியைச் சுழற்றினார்கள்.

பிடித்துக்கொண்டது.

ஓட்டுவதற்கு வேறு யார் இருந்தார்கள்? உப்பு இல்லாத நாட்களில் காலி அளத்தில் விளையாட்டாக ஓட்டிப் பழகியிருந்தேன். அன்றுதான் முதல்முறையாகச் சுமையோடு ஓட்டினேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய வண்டியில் பெண்கள் கூடை கூடையாகக் கொட்ட, நான் கால்வாய்க்கரைக்கும் அளத்துக்குமாக இழுத்தேன். பொம்பிளை டிராக்டர் ஓட்டுவதைப் பார்க்கப் படகுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் உப்பு முடிந்தது. நிறுத்தாமல் வண்டியைப் பக்கத்து அளத்துக்குத் திருப்பினேன். அவர்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. என் கணவர் மட்டும் மாவுக்கட்டுக் கையோடு முன்னால் ஓடி, வரப்பில் எங்கே சேறு என்று காட்டிக்கொண்டே வந்தார்.

பொழுது சாயும் நேரம். கடைசிச் சுமையோடு வரப்பில் வந்துகொண்டிருக்கும்போது முதல் தூறல் விழுந்தது. அதே நேரத்தில் இன்ஜின் இருமியது. நின்றது. தூரத்தில் யாரோ, "போச்சு" என்றது காதில் விழுந்தது.

கீழே குதித்தேன். தொட்டிக்குக் கீழே கசடு தங்குவதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அலசியதில் தப்பிய கசடு அதில் வந்து நிறைந்திருந்தது. இப்போது கைக்கு வேலை தெரிந்துவிட்டிருந்தது. கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டினேன், முந்தானையால் துடைத்தேன், மாட்டினேன், காற்றை எடுத்தேன். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் என் கணவர் ஒற்றைக் கையால் ஒரு கோணியைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்திருந்தார்.

"கெளப்பு புள்ள, ஓடும்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு நிச்சயம். பின்னாலேயே ஓடிவந்த என் தோழியும் இன்னொருத்தியும் கைப்பிடியைச் சுழற்றினார்கள்.

ஓடியது. கரையில் ஏறி உப்பைக் கொட்டி, ஓலையைப் போட்டு மூடவும், வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. நனைந்துகொண்டே எல்லோரும் நின்றோம். என் தோழி என் முகத்திலிருந்த கரியைத் தன் சேலையால் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "இன்னா ஓட்டு ஓட்ன போ" என்றாள். விடிந்து பார்த்தால் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கரையில் உப்பு அத்தனையும் பத்திரமாக இருந்தது.

மழை விட்டபின் அந்த வியாபாரி வந்தார். நடந்ததைச் சொன்னோம். வருத்தப்படுவார் என்று நினைத்தால், "அப்ப எம் மருந்து வேல செஞ்சிகீதுன்னு சொல்லு" என்று சிரித்தார். ஆனால் அதன் பிறகு யாருக்கு விற்றாலும், "மொதல்ல டாங்கிய கயுவு, அப்பால ஊத்து" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். என் கணவரும் எப்போதாவது கொஞ்சம் ஊற்றிக்கொள்வார், நான் தடுத்ததில்லை. மருந்து ஊற்றிய நாளுக்கும் ஊற்றாத நாளுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. டீசலை வடிகட்டாமல் ஊற்ற மட்டும் யாரையும் விட்டதில்லை. அந்தப் பழைய டிராக்டர் அதன் பிறகும் பல பருவங்கள் எங்களுக்கு உழைத்தது. வண்டியில் கோளாறு என்றால் பக்கத்து அளங்களிலிருந்தும் என்னைத்தான் தேடி வருவார்கள்.

பிள்ளைகளை வளர்த்தபோதும், பிறகு தனியாகத் தொழிலைக் கவனித்தபோதும், எதையாவது கண்டு மலைத்து நின்ற நேரங்களில் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வரப்பும் தூறலும்தான். பயமிருந்தாலும் திறந்து பார்த்துவிட வேண்டும் என்ற தைரியத்தை நான் அன்று அங்கேதான் சம்பாதித்தேன்.