நான் வேண்டுமென்றே விட்டுவந்த மருந்து

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். கனகபுராவுக்கு அந்தப் பக்கம் காட்டுச் சாலையில், கொட்டுகிற மழையில், எங்கள் காரின் பின்சீட்டில் என் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. அந்தத் திணறலை அடக்கக்கூடிய மருந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலே, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. மறந்து விட்டுவிட்டு வந்தது அல்ல. நான் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தது.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சபையில் என்னைப் பலருக்குத் தெரியும். பெயர் ஸ்டெல்லா. பெங்களூரில், அல்சூரில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளியில் யுகேஜி டீச்சர். என் வீட்டுக்காரர் ஆனந்த், ஏசி மெக்கானிக். பிள்ளைகள் இரண்டு பேர். கெவினுக்கு எட்டு வயது, சின்னவள் ஷெரின். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். நாள் முழுக்கக் குழந்தைகளை அதட்டி அதட்டி, பெரியவர்களிடமும் அதே குரலில்தான் பேசுகிறேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். "ஜெபத்துல ஆண்டவரையே கையக் கட்டி நிக்க வச்சுடுவா" என்பார். நான் முறைப்பேன். ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை.

ஷெரினுக்கு இரண்டு வயதிலிருந்து வீசிங் தொல்லை. கொஞ்சம் குளிர் பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மருத்துவர் ஒரு நீல நிற பஃப் கொடுத்திருந்தார். அதை ஒரு பிளாஸ்டிக் குழாயில் மாட்டி, குழாயின் மறுபக்கம் இருக்கிற மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்து அழுத்த வேண்டும். மூன்று வருடம் அந்த பஃப் இல்லாமல் நாங்கள் தெருமுனைக் கடைக்குக்கூடப் போனதில்லை.

போன டிசம்பர் உபவாச ஜெபத்தில் நீங்கள் எல்லோரும் அவளுக்காக ஜெபித்தீர்கள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தரம்கூட வரவில்லை. ஜனவரிக் குளிரிலும் வரவில்லை. ஈஸ்டர் அன்று சாயங்காலம் நான் மைக்கைப் பிடித்து, "என் மகளுக்குப் பூரண சுகம்" என்று சாட்சி சொன்னேன். நிறைய பேர் அழுதீர்கள். நானும் அழுதேன்.

அன்றிலிருந்துதான் என் கைப்பையில் இருந்த அந்த நீல பஃப் என்னை உறுத்த ஆரம்பித்தது. சுகமாகிவிட்டாள் என்று மைக்கில் சொல்லிவிட்டு, மருந்தையும் தூக்கிக்கொண்டு திரிந்தால் அது என்ன விசுவாசம்? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் பார்ப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பக்கத்து பெஞ்சு அக்கா பார்ப்பதைப் பற்றித்தான் கவலை. மருத்துவரோ, "நல்லா இருந்தாலும் இது எப்பவும் கையில இருக்கணும்மா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை நான் வசதியாக மறந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சங்கமத்துக்குப் போகலாம் என்று கிளம்பினோம். அர்க்காவதியும் காவிரியும் சேருகிற இடம். பிள்ளைகளுக்கு லீவு, வீட்டுக்காரருக்கு அபூர்வமாக ஒரு நாள் வேலை இல்லை. காலை ஆறு மணிக்கு எலுமிச்சை சாதம், அவித்த முட்டை, சிப்ஸ், மாற்றுத் துணி எல்லாம் கட்டினேன். கைப்பையில் இருந்த பஃப்பையும் குழாயையும் எடுத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜ் மேலே வைத்தேன். என் விசுவாசத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வண்டியில் ஏறும்போது அவர் கேட்டார். "பஃப் வச்சுட்டியா?"

"எல்லாம் இருக்குங்க, நீங்க வண்டிய எடுங்க" என்றேன்.

விசுவாசத்தில்தான் விட்டுவிட்டு வந்தேன் என்றால், அதை ஏன் அவரிடம் மறைத்தேன்? இந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வண்டி கிளம்புவதற்கு முன் ஜெபம் பண்ணுவது எங்கள் வழக்கம். அன்று கெவின் முறை. "இயேசப்பா, பரிசல் கவிழாம பாத்துக்கோங்க. சிப்ஸ் எனக்கு நெறைய வரணும். ஆமென்." அவ்வளவுதான் அவன் ஜெபம்.

நல்ல நாளாகத்தான் இருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைவு. முழங்கால் அளவு தண்ணீரில் ஷெரின் மூன்று மணி நேரம் ஊறினாள். போதும் வா என்று அவர் கூப்பிட்டார். "விடுங்க, அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நான்தான் சொன்னேன். அவள் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் சாட்சியையே திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தது. அவசர அவசரமாகக் கிளம்பினோம். பாதி தூரம் வருவதற்குள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. ஆலங்கட்டி காரின் கூரையில் தடதடவென்று விழுந்தது. கெவின் காதைப் பொத்திக்கொண்டான். ஷெரின் இருமினாள். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது முறை இருமியபோது அவள் பக்கம் திரும்பினேன். அந்த இருமலை எனக்குத் தெரியும்.

ஒரு வளைவில் திரும்பினால், சாலையின் குறுக்கே பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றிருந்தன. அவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு நனைந்து வந்தார். மரத்தின் நுனிப் பக்கமாக டூவீலர் மட்டும் நுழையலாம், கார் போகாது. ஊர்க்காரர்கள் வெட்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றால் இருவர் போனிலும் சிக்னல் இல்லை.

அதற்குள் ஷெரினுக்கு விசில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. தோள் இரண்டும் ஏறி இறங்கின. பேச்சு வரவில்லை.

"ஸ்டெல்லா, பஃப் எடு" என்றார்.

நான் ஷெரினின் முதுகைத் தடவினேன்.

"பஃப் எடும்மா, சீக்கிரம்."

"கொண்டு வரல."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தப்பிக்க அவரே வழி கொடுத்தார். ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "இல்லங்க. வேணும்னேதான் வச்சுட்டு வந்தேன். சாட்சி சொன்னப்புறம் எடுத்துட்டு வரக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆற்றங்கரையில் விரித்த பெட்ஷீட்டை ஷெரினுக்குச் சுற்றி, தூக்கிக்கொண்டு இறங்கினார். சாலையோரத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கூடம் இருந்தது. காருக்குள் அவளுக்குப் புழுக்கமாக இருந்ததால் அந்த வராண்டாவுக்கு ஓடினோம். மழைக்கு ஒதுங்கியவர்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

நான் சுவரோரம் உட்கார்ந்து, அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, மழைய நிறுத்தும். இப்பவே நிறுத்தும்." எனக்கே கேட்டது, அதே யுகேஜி குரல். மழை நிற்கவில்லை. முன்னைவிடப் பலமாகக் கொட்டியது. ஷெரினின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. கெவின் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பாப்பா செத்துடுவாளா?" என்றான்.

அந்தக் கேள்வியில் நான் உடைந்தேன். அதுவரை நான் ஜெபித்ததெல்லாம் ஜெபமே இல்லை என்று தோன்றியது. அதட்ட என்னிடம் குரல் இல்லை. "அப்பா, உம்ம பேரச் சொல்லி நான் பெருமை அடிச்சுக்கிட்டேன். தப்பு என்னோடது. பிள்ளை மேல அத வைக்காதீங்க. எப்படியாவது, யார் மூலமாவது..." அழுதேன்.

தலையை நிமிர்த்தியபோது எதிரே ஒரு பெண் குனிந்து ஷெரினின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம், கையில் கோயில் பூ வைத்த பை.

"பாப்பூகே வீசிங்கா?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். "பஃப் எல்லி?"

பஃப் எங்கே என்கிறார். அழுதுகொண்டே, வீட்டில் இருக்கிறது என்று கையைக் காட்டினேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பூவை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டார். நீல பஃப். அதே மருந்து, அதே குழாய், குழந்தைகளுக்கான அதே மாஸ்க். நான் அன்று காலை என் கையாலே டப்பாவில் போட்டு மூடினேனே, அது அப்படியே என் கண் முன்னால் வந்து நின்றது.

மருந்தின் பெயரையும் தேதியையும் அவர் சரிபார்த்தார். மருத்துவர் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்த கணக்கில் நானும் அவரும் சேர்ந்து கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் தோள்கள் இறங்கின. சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் கொடுத்தோம். ஷெரின் என்னைப் பார்த்து, "அம்மா, தண்ணி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஆயுசு முழுக்க ஸ்தோத்திரம் சொல்லலாம்.

அவர் பெயர் மஞ்சுளா. ஒரு காலத்தில் சிவாஜிநகரில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய தமிழ். "என் பையனுக்கும் இதே தொந்தரவுதான்க்கா. கடைசியா வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனாலும் பையில இருக்கும். சாமி பாத்துக்கும் சரி, பையத் தூக்கறது நம்ம கெலசதானே" என்றார். கெலச என்றால் வேலை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "நாங்க ஸ்கூட்டர்ல வந்தோம்க்கா. எங்க ஊரு இங்கிருந்து பத்து நிமிஷம். மரத்து ஓரமா பூந்து அப்பவே போயிருப்போம். மூணு தரம் ஹெல்மெட் மாட்டினோம். மூணு தரமும் மழை ஜோரா பலத்துடுச்சு. சனியன் புடிச்ச மழைன்னு திட்டிட்டே நின்னேன்."

நான் வராண்டாவுக்கு வெளியே பார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தும், நிறுத்தும் என்று நான் அதட்டிய அதே மழை. என் ஜெபத்தை ஆண்டவர் அப்படியே கேட்டிருந்தால், மஞ்சுளா வீட்டுக்குப் போயிருப்பார். என் பிள்ளைக்கான மருந்தை ஆண்டவர் அந்த மழையால் அங்கேயே பிடித்து வைத்திருந்தார்.

அரை மணி கழித்து மழை குறைந்தது. மஞ்சுளா பஃப்பையும் குழாயையும் என் கையிலேயே திணித்தார். "வச்சுக்கோங்க, வீட்டுல இன்னொண்ணு இருக்கு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க." மரத்தை வெட்டி வழி விட்டதும் கனகபுராவில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஷெரினைப் பார்த்த டாக்டர், சரியான நேரத்தில் மருந்து கொடுத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் வரை வீட்டுக்காரர் என்னிடம் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். "நான் டெய்லி ஜெபம் பண்ணிட்டுதான் வேலைக்குப் போறேன். ஆனா மாடி மேல ஏறும்போது சேஃப்டி பெல்ட் கட்டிக்கறேன். அது நம்பிக்கை இல்லாமயா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன். பஃப்பை விட்டுவிட்டு வந்ததற்கு மட்டும் அல்ல, "எல்லாம் இருக்குங்க" என்று சொன்னதற்கும்.

அடுத்த வாரம் நம் சபை ஆயரிடம் போய், "நான் ஈஸ்டர்ல சொன்ன சாட்சி பொய்யாயிடுச்சுங்க ஐயா" என்றேன். அவர், "பொய் இல்லம்மா, பாதிதான். மிச்சத்த எழுதிக் கொடுங்க" என்றார். இது அந்த மிச்சம்.

அந்த ஐந்து மாத நல்ல மூச்சும் கர்த்தர் கொடுத்ததுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நீல பஃப்பும் அவர் கொடுத்ததுதான். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை அவர் முகத்தில் விட்டெறிந்தேன். அவரோ கோபிக்காமல், அதையே மறுபடியும் இன்னொருத்தியின் பூப்பையில் வைத்து என்னிடம் கொடுத்தார். எனக்குப் பதில் கொடுத்த விதத்தில் அவருடைய பொறுமைதான் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. மஞ்சுளாவோடு இப்போதும் போனில் பேசுகிறேன். அவர் பையனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சுகமில்லை என்று கலங்கிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, கூப்பிடுங்கள், அவர் கேட்பார். என்னைப் போல முரண்டு பிடித்தவளுக்கே கேட்டார். ஆனால் இன்ன வழியில்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்தாதீர்கள். மருந்தையும் நிறுத்தாதீர்கள். நம்பிக்கை இருக்கிறது என்று யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

போன வாரம் நந்தி மலைக்குப் போனோம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ணுவது மறுபடியும் கெவின் முறை. அவன் முதலில் என் கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"இயேசப்பா, பஃப் வச்சாச்சு. இப்ப நீங்களும் ஏறிக்கோங்க. ஆமென்."