சங்கு ஊதினால் கதவை மூடுங்கள்

வராத ஆபத்துக்குப் பாடம் நடத்துவதைப் போல அலுப்பான தொழில் வேறில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, நீங்களாவது என்னை நம்புவீர்கள். நாடு அணுகுண்டு சோதித்த வருஷம், ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு, குண்டு வெடித்தால் வந்து படியும் அணுத்தூசியிலிருந்து தப்புவது எப்படி என்று வகுப்பெடுத்தேன். கணவர் இறந்த பின் வீட்டில் தனியாக ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்த என்னை வெளியே இழுத்தது அந்த வகுப்புதான். ஆனால் கடைசியில் ஓர் ஒத்திகை உண்டு. அது சொதப்பினால் வகுப்பை நிறுத்திவிடுவதாகத் தொழிற்சாலை அதிகாரி சொல்லியிருந்தார்.

தலைக்குக் குளியல்

"தூசி மேலே பட்டால் உடுத்தியதை வாசலிலேயே கழற்றிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றித் தலைக்குக் குளிக்க வேண்டும்" என்றேன். அந்தக் கோடையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். முன்வரிசையில் பூந்தமல்லிக்காரி தனம், முகத்தை மிகப் பணிவாக வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"குண்டு போடறவன்கிட்ட, லாரித் தண்ணி வந்தப்பால போடச் சொல்லு டீச்சர்!"

உள் அறை

அணுத்தூசியின் வீரியம் முதல் இரண்டு நாளில்தான் அதிகம். அதுவரை ஜன்னல்களை அடைத்து, சோறு தண்ணீரை மூடிவைத்து, எல்லோரும் உள் அறையிலேயே இருக்க வேண்டும் என்று விளக்கினேன். மதுரைப் பக்கத்துப் பேச்சியம்மா நெடுநேரம் யோசித்தாள். அவள் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த சமயம் அது.

"ரெண்டு நாளு எங்க அத்தையோட ஒரே ரூம்லயா? வெளிய தூசியில நின்னா எம்புட்டு நேரம் தாங்கும், டீச்சர்?"

ஒத்திகை

தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும், ஒத்திகை அவ்வளவுதான். அதிகாரியும் நானும் தெருமுனையில் நின்றோம். சங்கு ஊதியது. பிறகு, ஒவ்வொன்றாக, எல்லாக் கதவுகளும் திறந்தன. ஸ்டவ்கள் சீறின, கடுகு வெடித்தது. வாசலுக்கு வாசல் ஒரு பெண், தோளில் துண்டோடு. ஷிப்ட் முடிந்து ஆண்கள் வீடு திரும்பும்போது ஊதும் சங்கும் அதேதான் என்பது, பாடம் நடத்திய எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தனத்திடம் ஓடினேன். "மூடச் சொன்னேனே, தனம்!"

"அவரு வெளிய வந்துகினு இருக்கறப்ப, நான் எப்டி டீச்சர் கதவ மூடுவேன்?"

வகுப்பு அன்றோடு நின்றுபோனது என்றாலும், மூடச் சொல்லிக்கொடுத்த அந்தக் கதவுகளில் ஒன்றுகூட, அதற்குப் பிறகு நான் சும்மா காபிக்குப் போய் நின்ற எந்த நாளும் மூடியிருந்ததில்லை.