சாப்பிட வராத வாடிக்கையாளர்

சாப்பாட்டுக் கடைக்காரனுக்குக் குறை சொல்லும் வாடிக்கையாளர் புதிதில்லை. கடைப்பக்கமே வராமல் குறை சொன்னவர் எனக்கு மட்டும்தான் வாய்த்தார். அடுப்படியில் வெந்து நொந்த என் இனத்தாரே, கேளுங்கள். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், கடலோரம் காஜா பெராங் என்ற இடத்தில் நானும் என் மனைவி லெட்சுமியும் சின்னதாக ஒரு கடை நடத்தினோம். வேலை விட்டுப் பசியோடு வருகிறவர்களுக்குச் சுடச்சுடச் சோறும் மீன் பிரட்டலும்.

புளிப்புத் தூக்கலாக

மீன் பிரட்டல் அவசரச் சமையல்தான். கெம்போங் மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவி முறுகலாகப் பொரித்து வைத்துக்கொள்வேன். குவாலிச் சட்டியில் இஞ்சியும் மிளகாயும் வதங்கியதும் தென்னை வெல்லத்தை உருக்கி, கிச்சாப்பு என்கிற சோயாச் சாறும் புளித்தண்ணீரும் விட்டால் பாகு குமிழ் விட்டுப் பளபளக்கும். உடனே மீனைப் போட்டுப் பிரட்டி, கரியை வெளியே இழுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் கசந்துபோகும், அப்புறம் நாய்கூடத் தொடாது.

பின்தெரு அஞ்சலையின் புருஷன் மாரியப்பன், சுமத்ராவிலிருந்து அடுப்புக்கரி ஏற்றிவரும் தொங்காங் படகில் வேலை பார்த்தவர். அக்கரையில் ஏதோ கலகம் என்று பேச்சு வந்த சமயத்தில் போன படகு திரும்பவேயில்லை. மூழ்கிவிட்டது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அஞ்சலை மட்டும் தினமும் பொழுது சாயும்போது வந்து ஒரு பொட்டலம் வாங்கிப் போவாள். யாருக்கம்மா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அவருக்குத்தாண்ணே. வெல்லத்தக் கொறச்சிப் போடுங்க, இனிப்பு தூக்கலா இருந்தா அவருக்கு எறங்காது."

முள்

கொண்டுபோன பொட்டலத்தை அவள் வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த பலகையில் பிரித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாளாம். விடிந்து பார்த்தால் இலையில் முள் மட்டும் இருக்குமாம். பூனை வேலை என்று கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அஞ்சலைக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"பூனை தின்னா முள்ள வரிசையா அடுக்கி வச்சிட்டுப் போகுமாண்ணே?"

எந்தக் கை

ஒரு நாள் சூடான எண்ணெய் தெறித்து என் வலது கை வெந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு இடது கையாலேயே அன்றைய சமையலை ஒப்பேற்றினேன். என் அடுப்பு தட்டிக்குப் பின்னால் இருந்தது. முன்னால் நிற்பவர்களுக்கு நான் தெரியமாட்டேன். பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் லெட்சுமி. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மறுநாள் அஞ்சலை வந்தாள். அவள் லெட்சுமியிடம் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கை வலியே மறந்துபோனது.

"அண்ணன் நேத்து எடது கையால பிரட்டுனாராமே? சோத்துக் கைக்கு என்ன ஆச்சுன்னு அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

சிட்டி வீட்டுக்காரர்

பயத்தை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டுமே! பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து சிட்டி இனத்துக்காரர் ஒருவர் சாப்பிட வருவார். நம் சாமியைக் கும்பிட்டாலும், பல தலைமுறையாக இங்கேயே ஊறி வீட்டில் மலாய் பேசுகிறவர்கள் அவர்கள். வருஷாவருஷம் முன்னோர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பார்கள். இந்த விஷயத்தில் அவரை விட்டால் யாரைக் கேட்பது? எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், மனிதர் பாதிச் சோற்றில் கையை உதறி எழுந்துவிட்டார். மலாயில் அவர் சொன்னது, தமிழில் இதுதான்:

"செத்தவங்களுக்கு இலை போட்டுக் கூப்பிட்டா வழி தெரிஞ்சு வருவாங்க; செத்தானா இல்லையான்னே தெரியாதவனைக் கூப்பிட்டா, அவன் எந்த வழியா வருவான்?"

மீன் இல்லை என்று சொன்ன நாள்

மாரியப்பனின் அண்ணன் செமாபோக்கிலிருந்து வந்தார். வெள்ளிக்கிழமை கருமாதி, அன்றைக்கே அஞ்சலையின் தாலியைக் கழற்றுவது என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். அவள் சம்மதிக்கவில்லை. 'தினமும் சாப்பிடுற மனுசனுக்கு எதுக்குக் கருமாதி?' என்று கேட்கிறாளாம். நீங்கள் மீன் கொடுப்பதை நிறுத்தினால் அவளுக்குப் புத்தி தெளியும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அன்று அஞ்சலையிடம், மீன் தீர்ந்துபோச்சு என்றேன். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். குவாலியில் ஒரு மீன், பாகு மினுங்க, வெல்லம் குறைத்து, புளிப்புத் தூக்கலாகத் தயாராகக் கிடந்தது. அதை எப்போது பிரட்டினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

"தீந்துபோச்சுன்னா, அது யாருக்குண்ணே வச்சிருக்கீங்க?"

வியாழக்கிழமை

கருமாதிக்கு முந்தின நாள் மாரியப்பன் வந்து இறங்கினார். அக்கரையில் துப்பாக்கிக்காரர்கள் படகைப் பிடித்து, ஆட்களை ஒரு கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்களாம். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் காட்டவில்லையாம். கூட வந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். மாரியப்பன் மட்டும் போனபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார்.

அன்று சாயங்காலம் இருவரும் கடைக்கு வந்தார்கள். அஞ்சலை அழுதுகொண்டே சிரித்தாள், லெட்சுமி சிரித்துக்கொண்டே அழுதாள். இருப்பதிலேயே பெரிய மீனாகப் பார்த்துப் பிரட்டி, அவர் முன்னால் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் மூக்கைச் சுளித்து, தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, வேற ஏதாச்சும் குடுங்க, அங்க தெனமும் இதையே தின்னு அலுத்துப்போச்சு."

பொட்டலம் வாங்குகிறவர்களிடம் 'யாருக்கு?' என்று கேட்கும் பழக்கத்தை அன்றோடு விட்டவன்தான், இன்றுவரை காசைக் கொடுத்தால் கட்டிக் கொடுத்துவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் அடுப்பைப் பார்க்கிறேன்.