கிளிப் போடும் முன்பே சொன்ன சாட்சி

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் நான் அவரோடு போட்ட சண்டையைச் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் சொன்னால் பாதிச் சாட்சிதான். சகோதர சகோதரிகள் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதமாகப் பேச வராது.

என் பெயர் சுகந்தி. அரியலூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என் வீட்டுக்காரர் ஸ்டீபனுக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் ஒப்பந்த வேலை. எங்களுக்கு ஒரே மகள், பெனிட்டா. பால்பல் விழுந்து முளைத்த பற்கள் அவளுக்கு முன்னே துருத்திக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஏழாவது படிக்கும்போது பார்த்தால், கீழ்ப்பற்கள் போய் மேல் அண்ணத்தில் குத்துகின்றன. எதைச் சாப்பிட்டாலும் புண். ஆறும், மறுபடி கிழியும். ஊருக்கே மாவு கொடுக்கிறவள் மகள், சட்னியைத் தொட முடியாமல் இட்லியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பாள். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

புண்ணைவிட என்னை வாட்டியது அவள் கை. வாயைத் திறந்தால் வலது கை தானாக மேலே போய் மூடிக்கொள்ளும். பேசினாலும் கை, சிரித்தாலும் கை, சபையில் பாடும்போதும் கை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் ‘தேங்காய்த் துருவி’ என்று பெயர். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டாள்.

சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சொல்லியாக வேண்டும். ஆண்டிமடத்திலிருந்து என் அண்ணன் வந்திருந்தார்.

“தெத்துப்பல்லு அதிர்ஷ்டம் தங்கச்சி. அதப் போயி கம்பி கட்டி இழுக்கறேங்கற. பொட்டப் புள்ள வாயில முள்ளுவேலி போட்ட மாதிரில்ல இருக்கும்? கல்யாணத்தப்போ பாத்துக்கலாம் வுடு.”

அதிர்ஷ்டமாம்! அந்த அதிர்ஷ்டம் அண்ணன் வாயில் முளைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன். அன்றைக்கு அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டார்.

பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: “இது அழகுக்காகச் செய்யறது இல்லம்மா. இப்படியே விட்டா கீழ்ப்பல் அண்ணத்தை அரிச்சுக்கிட்டே இருக்கும். வளர்ற வயசு. இப்ப போட்டா சீக்கிரம் கேக்கும். தள்ளிப்போட்டா எலும்பு இறுகிடும்.” கிளிப் போட்டால் இரண்டு வருடம் போல ஆகும் என்றார். அதற்கு ஆகும் செலவையும் சொன்னார். நான் அந்தத் தொகையைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. காப்பீட்டில் கேட்டுப் பார்த்தோம். பல் கிளிப் அதில் வராது என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எனக்கு வேணாம்மா. எனக்கு ஒண்ணும் வலிக்கல” என்றாள். அன்று காலையில்தான் அவள் வாய் கொப்பளித்த தண்ணீரில் ரத்தம் பார்த்திருந்தேன். என் வீட்டுக்காரரோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “கர்த்தர் பாத்துக்குவாரு” என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், இத்தனை நாளும்!

நான் ஜெபம் பண்ணுவது கிரைண்டர் ஓடும்போது. கல் சுற்றுகிற சத்தத்தில் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. “ஆண்டவரே, ஒரு பிள்ளையைக் கொடுத்தீர், அதற்கு ஒழுங்காகச் சாப்பிட ஒரு வாயைக் கொடுக்கக் கூடாதா? நானும் தினம் தினம் கேட்கிறேன். நீர் வாயே திறக்க மாட்டேன் என்கிறீர். உமக்கும் என் மகளைப் போல வெட்கமா?” இப்படியெல்லாம் பேசியிருக்கிறேன். மாவில் கண்ணீர் விழுந்துவிடப் போகிறதே என்று முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கேட்டேன்.

இந்த நிலையில்தான் என் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

கேட்டதைக் கிடைத்ததாகவே எண்ணி முன்கூட்டியே நன்றி சொல்வது எங்கள் சபையில் வழக்கம். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் இவர் எழுந்தார்.

“எம் மவ பல்லு காரியத்தக் கர்த்தர் முடிச்சிக் குடுத்துட்டாருங்க. பெரம்பலூர்ல பெரிய டாக்டர். வேண்டிய பணத்தையும் அனுப்பிட்டாரு. ஸ்தோத்திரம்!”

சபை முழுக்க அல்லேலூயா. பெண்கள் பக்கம் இருந்த எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எங்கங்க பணம்? எந்த மரத்துல காய்ச்சிருக்கு?”

“விசுவாசத்துல சொன்னேன் சுகந்தி.”

“விசுவாசத்துல சொல்றேன்னு அங்க ஒரு வார்த்த சொல்லலையே நீங்க!”

“அப்படிச் சொன்னா அது என்னம்மா விசுவாசம்?”

இந்த மனிதரோடு எப்படி வாதாடுவது? பொய் சொல்கிறவராக இருந்தாலாவது நாலு திட்டுத் திட்டலாம். இவர் மனதார நம்பிச் சொல்லியிருக்கிறார். மறுவாரம் போய் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அது அவிசுவாசமாகிவிடுமாம், மாட்டேன் என்றுவிட்டார்.

அதன் பிறகு நான் பட்ட பாடு! சபைச் சகோதரர் ஒருவர், “ஒங்களுக்கென்னங்க, கர்த்தர் அள்ளிக் குடுத்துட்டாரு” என்று கைமாற்றுக் கேட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் சகோதரிகள் ஐக்கியத்தில் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கஷ்டத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கொடுப்போம். அந்த மாதம் எங்களைத்தான் நினைத்திருந்தார்களாம். இவர் சாட்சியைக் கேட்டதும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை ரூபி அக்கா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். ரூபி அக்கா எங்கள் சபைதான், என்னிடம் மாவு வாங்குகிறவர். தினமும் வாங்குவார், தினமும் “புளிச்சிருக்கே” என்பார். “நல்லவேள ஒங்களுக்கு வேணாமாப் போச்சு சுகந்தி. கிளிப் எப்பப் போடறாங்க?” என்றார். “பாக்கணும்க்கா” என்று பாக்கெட்டை நீட்டினேன். உள்ளே போய் கிரைண்டரைப் போட்டுவிட்டு அழுதேன். இருந்த ஒரு வழியையும் எங்கள் வாயாலேயே அடைத்துக்கொண்டோமே என்று ஆற்றாமை. அன்றைக்கு ஜெபம்கூட வரவில்லை. “போதும் ஆண்டவரே, நீராச்சு, உம் ஸ்டீபனாச்சு” என்று விட்டுவிட்டேன்.

மே மாத லீவில் சபையில் சிறுவர் கூட்டம் நடந்தது. அது முடிந்த ஞாயிறு பிள்ளைகள் நன்றி சொல்லும் நேரம். பாஸ்டர் ஒலிபெருக்கியில், “பெனிட்டா பாப்பா, வாம்மா. அப்பா சொன்ன அற்புதத்துக்கு நீயும் ஒரு வார்த்த நன்றி சொல்லு” என்று கூப்பிட்டார்.

நாலு பேர் இருக்கும் இடத்திலேயே பேசாத பிள்ளை. போக மாட்டாள் என்று நினைத்தேன். போனாள். மைக்கைப் பிடித்தாள். மற்ற கை வாய்க்குப் போய்விட்டது. என்னமோ சொன்னாள், காதில் விழவில்லை.

“கைய எடுத்துட்டுப் பேசும்மா, கேக்கல” என்றார் பாஸ்டர்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கையைக் கீழே இறக்கினாள்.

“எங்கப்பா சொன்னது இன்னும் நடக்கலைங்க. எனக்குக் கிளிப் போடல. சாப்பிடறப்போ பல்லு குத்தி ரத்தம் வருது. எங்ககிட்ட பணம் இல்லைங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் எழுந்து முன்னால் போவதைப் பார்த்தேன். ஐயோ, இன்னும் என்ன சொல்லப் போகிறாரோ என்று பதறினேன். மகள் பக்கத்தில் போய் நின்றார். “பாப்பா சொல்றதுதாங்க நெசம். நான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். பாஸ்டர் அப்படியே முழங்காலில் நின்றார். சபையே முழங்காலில் நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே தேம்பிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே செருப்புப் போடுகிறேன், ரூபி அக்கா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏண்டி, வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? எங்க அக்கா மவளுக்கு பல் காலேஜ் ஆஸ்பத்திரியிலதாண்டி கிளிப் போட்டாங்க. படிக்கிற டாக்டருங்க போடுவாங்க, பெரியவங்க பின்னாடி நின்னு பாப்பாங்க. வெளிய ஆவுற செலவுல பாதிகூட ஆவாது. வரப்போ வரப்போ கொஞ்சங் கொஞ்சமாக் கட்டலாம்.”

“ஏன்க்கா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்கதான் பெரிய டாக்டருகிட்ட போறீங்கன்னு ஒம் புருசன் சொன்னாரே! பணம் வந்துடுச்சுங்கறப்போ நான் போயி தர்ம ஆஸ்பத்திரியாட்டம் வழி சொன்னா நல்லாவா இருக்கும்?”

தினமும் என் வாசலுக்கு வந்துபோனவரிடம் இருந்திருக்கிறது வழி. நான் பாக்கெட்டைக் கொடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த வாரமே ரூபி அக்கா எங்களோடு பஸ் ஏறினார். பெரம்பலூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். ஆஸ்பத்திரியில் கூட்டமோ கூட்டம். சீட்டுப் போட, படம் எடுக்க, அச்சு எடுக்க என்று பல நடை நடந்தோம். சகோதரிகள் ஐக்கியத்தில் அடுத்த மாதம் எங்களுக்குக் கொடுத்தார்கள். இவர் ஞாயிறு ஆராதனை முடிந்து மதியத்தில் லோடு ஏற்றப் போனார். கிளிப் போட்டாயிற்று.

அத்தோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் வலியில் பிள்ளை கஞ்சி தவிர எதையும் தொடவில்லை. கம்பி கன்னத்தின் உள்பக்கம் கிழித்தது. அந்த இடத்தில் மெழுகு உருட்டி ஒட்டிவிடக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் தேய்க்கச் சொல்லித் தொண்டை வற்றியது. பொங்கலுக்கு அண்ணன் கரும்புக் கட்டோடு வந்து, “கரும்பு தின்னா பல்லு கெட்டியாவும் பாப்பா” என்று கடிக்கக் கொடுத்தார். பல்லில் ஒட்டியிருந்த கிளிப் துண்டு கழன்று கையோடு வந்துவிட்டது. மறுபடி இரண்டு பஸ், டாக்டரிடம் திட்டு. “அண்ணே, அடுத்த பொங்கலுக்கு ஒன் வாய்க்கு ஒரு கிளிப் போட்டு வுடுறேன்” என்றேன். இந்தத் தடவை அண்ணன் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மாதாமாதம் இப்போது இவர்தான் அவளைக் கூட்டிப்போகிறார். காலையில் கிளிப்பில் ரப்பர் வளையம் மாட்டினாளா என்று பார்ப்பதும் இவர் வேலை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மகள் சொல்லாத எதையும் அவளைப் பற்றி இவர் வெளியே சொல்வதில்லை.

அண்ணத்துப் புண் ஆறிவிட்டது. இது நடந்தது, அதனால் சொல்கிறேன். காரச் சட்னி கேட்டு வாங்கித் தின்கிறாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவளாகவே பெயர் கொடுத்தாள். வாய் நிறையக் கம்பியோடு நின்று வாசித்தாள். நான் வசனத்தைக் கேட்கவே இல்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் புத்தகத்தில் இருந்தன.

நான் பணம் கேட்டேன். ஆண்டவர் பணம் அனுப்பவில்லை. வாயே திறக்க மாட்டேன் என்கிறீரே என்று அவரிடம் கத்தினேன். அவர் என் மகளின் வாயைத் திறந்தார். அதிலிருந்துதான் எங்களுக்கு எல்லாம் வந்தது. இன்றும் கிரைண்டர் ஓடும்போதுதான் ஜெபம் பண்ணுகிறேன். கத்துவது குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கிற தாய்மார்களே, உங்கள் பிள்ளைக்கு ஒரு குறை இருந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். கோபமாகக்கூடக் கேளுங்கள், அவர் தாங்குவார். ஆனால் இல்லாததை இல்லை என்று சபையிலும் சொல்லுங்கள். உங்களுக்கான பதிலை அவர் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கலாம். அவர் உங்கள் மாவைப் புளிப்பு என்று சொல்கிறவராகவும் இருக்கலாம்.

கிளிப் இன்னும் கழற்றவில்லை. இன்னும் சில மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். இதை எழுதும்போது இவர் எட்டிப் பார்த்து, “பல்லு முழுசாச் சரியாயிடுச்சுன்னு முடி சுகந்தி, விசுவாசத்துல” என்றார்.

“அப்பா, சும்மா இருங்கப்பா! நடந்தத மட்டும் எழுதட்டும்” என்றாள் பெனிட்டா. சொல்லிவிட்டுச் சிரித்தாள், கம்பி அத்தனையும் தெரிய.

நடந்தது இதுவரைக்கும்தான். இதுவரைக்கும் நடந்ததற்கு ஸ்தோத்திரம்.