நடு வளைவில் அணைந்த திரை

பணிமனையில் எல்லோரும் அவளைக் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கியர் மாற்றுவதே தெரியாமல் மாற்றுவாள். கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறவரின் தலை சன்னலில் முட்டாது. மேல் ஊரிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் செங்குத்தான சாலையில் வருடக்கணக்காக மினி பஸ் ஓட்டியவள்.

இப்போது அவள் பார்சல் அறையில் உட்கார்ந்து மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. வெளியே யாராவது வண்டியைக் கிளப்பினால், மேசைக்கடியில் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவளைப் பார்சலம்மா என்றார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

எல்லாம் ஒரு மழைநாளில் வந்த வினை. அன்று காலை வண்டியில் ஏறியதுமே கருகல் வாசம் அடித்தது. பணிமனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டாள். மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. "பிரேக்குக்குப் புது லைனிங் போட்டிருக்கேன்க்கா. அப்படித்தான் வாசம் வரும், ரெண்டு நாள்ல போயிடும்" என்றான். அவளும் கிளம்பிவிட்டாள். இறக்கத்தின் நடு வளைவில் பிரேக்கை மிதித்தபோது, மிதி தரையைத் தொட்டது; வண்டி நிற்கவில்லை. கால் பள்ளத்தில் விழுந்ததுபோல் இருந்த அந்த ஒரு கணம்தான் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பக்கச் சுவரில் உரசி உரசி நிறுத்தினாள். ஒரு முதியவருக்குக் கை உடைந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புது லைனிங் இறுக்கமாக உட்கார்ந்து இடது பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது, அதனால் சூடேறி பிரேக் பிடிக்காமல் போய்விட்டது என்றார்கள். அவள்மேல் தப்பில்லை என்றும் சொன்னார்கள். தப்பில்லை என்றால் பயம் போய்விடுமா? அதற்குப் பிறகு ஓட்டுநர் சீட்டில் ஏறவே முடியாமல் பார்சல் அறைக்கு வந்துவிட்டாள்.

மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசியில அதே இறக்கத்துல நான் பக்கத்துல உக்காருவேன். இறக்கிக் காட்டினா சீட்டு உங்களுது. இல்லன்னா பார்சல் ரூம்தான், நிரந்தரமா."

வேறொரு ஊரில் கிடங்கு வேலை பார்க்கும் மகன்தான் போனில் அந்த யோசனையைச் சொன்னான்.

"அம்மா, என் பழைய கேமிங் கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டுற கேம் இருக்கு. ஸ்டியரிங், பெடல் எல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு. எடுத்து ஓட்டிப் பாரு. அதுல இடிச்சா யாருக்கும் கை உடையாது."

"உனக்கு எல்லாமே விளையாட்டா இருக்காடா?"

"விளையாட்டுதாம்மா. அதனாலதான் சொல்றேன்."

தூசி தட்டி ஸ்டியரிங்கை மேசையில் மாட்டினாள். கேமில் ஒரு மலைச்சாலை இருந்தது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம். இறங்கத் தொடங்கினாள். வளைவு வந்ததும் படம் அப்படியே உறைந்து நின்றது. காலை அழுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கணம் கழித்துப் படம் துள்ளிக் குதித்தபோது பஸ் சுவருக்குள் இருந்தது. ஸ்டியரிங்கை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே நின்றாள். எந்தக் கணத்துக்குப் பயந்து ஓடினாளோ அதையே இந்தக் கிழட்டு யந்திரம் வளைவுக்கு வளைவு எடுத்து நீட்டியது.

"மெமரி பத்தலம்மா. கிராபிக்ஸ் கார்டு பாட்டன் காலத்துது. அந்த ரெண்டை மட்டும் மாத்தினா வழுக்கிக்கிட்டு ஓடும். புதுசு வேண்டாம், யாராவது கழட்டிப் போட்டதே போதும்" என்றான் மகன்.

வீட்டில் இருந்த பணம் என்றால் கணவருடைய நாற்காலிப் பணம்தான். அவர் சலூன் வைத்திருந்தார். அங்கிருந்த சுழல் நாற்காலிக்கு வயதாகிவிட்டது. உட்கார்ந்தவர் பாதிச் சவரத்தில் மெதுவாகக் கீழே இறங்கிவிடுவார். புது நாற்காலிக்காக அவர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அப்ப நாற்காலி?" என்றாள்.

"இறங்கினா இறங்கட்டும். நானும் கூடவே குனிஞ்சுக்கறேன்."

பழைய சாமான் விற்கிறவனுடைய கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. காதில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பதால் அவனுக்கு ஸ்க்ரூ என்றே பெயர். கணவரும் கூட வர, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனாள். மகன் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். அவன் மெமரியையும் ஒரு கார்டையும் எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினான்.

"இது நடுவழியில நின்னுடாதே?"

"அக்கா, கேரண்டி கேக்க இது என்ன கல்யாணமா?"

"கல்யாணத்துக்கு மட்டும் யார் குடுத்தா கேரண்டி?" என்றார் கணவர்.

"அண்ணன் அனுபவஸ்தர்" என்று சிரித்த ஸ்க்ரூ, கம்ப்யூட்டரைக் கரண்டில் போட்டுக் காதை வைத்துக் கேட்டான். உள்ளே விசிறி இழுப்பு வந்தவன்போல மூச்சு வாங்கியது. "இந்த ஃபேன் தாங்காது. புது கார்டு போட்டா வேலை கூடும், மூளைக்குச் சூடும் கூடும். வெந்துடும். இருக்கறதுலயே மலிவான கூலர் ஒண்ணு தரேன், தகடும் ஃபேனும் சேர்ந்தது, புதுசு. கூடவே பேஸ்ட். பழசைக் கழட்டிட்டு, மூளைக்கும் கூலருக்கும் நடுவுல இதைத் தடவி உக்கார வைங்க."

'வெந்துடும்' என்ற சொல் அவளோடு வீடு வரைக்கும் வந்தது.

விடுமுறை நாள் மதியம் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துக் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்தார்கள். தம்பி கருவிப்பெட்டியோடு வந்திருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் அடிக்கடி வந்தான். வந்தால் நிறையச் சிரித்தான். அன்று காலை நடந்த பேச்சை இருவரும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசியதில்லை.

மகன் போனில் முகம் காட்டினான். அதை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தார்கள். பழைய கார்டைக் கழற்றும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தது. அவள் கையை உதறிப் பின்வாங்கினாள்.

"உடைஞ்சிடுச்சு!"

"உடையலம்மா, கொக்கி விடுபட்ட சத்தம். இப்ப மெமரியை வச்சு அழுத்து. இன்னும். இன்னும் நல்லா அழுத்தும்மா!"

அழுத்த அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு கட்டைவிரலும் வெளுத்துப் போகும்வரை அழுத்தினாள். உட்கார்ந்தது. கார்டும் உட்கார்ந்தது. அதற்குள் போனில் மகன் பக்கம் மணி அடித்தது.

"ஷிப்ட் ஆரம்பிச்சாச்சும்மா, போனை உள்ள விடமாட்டாங்க. கூலர் மட்டும்தான் பாக்கி. மாமா பாத்துக்குவாரு."

"லாரி இன்ஜினையே இறக்கி ஏத்தறவன்டா நான். இது தீப்பெட்டி" என்றான் தம்பி.

பழைய விசிறியைக் கழற்றி, காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டினான். புதுப் பசையைக் கணவர் வைத்தார். சவரக்கத்தி பிடிக்கிற கை நடுங்காது என்பது அவர் கணக்கு. "சோப்பு நுரை மாதிரி அப்பிடாதீங்க மாமா." "எனக்குத் தெரியும் மச்சான், கடுகளவு போதும்." தம்பி கூலரைப் பெட்டியிலிருந்து எடுத்தான். அதன் அடிப்பாகம் பளபளவென்று இருந்தது. "பாருக்கா, மீசையே தெரியுது" என்று முகம் பார்த்துவிட்டு அப்படியே வைத்து முடுக்கினான்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. திரையில் மலைச்சாலை வந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை வியர்த்தது; புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

மகன் சொன்னதுபோல வழுக்கிக்கொண்டுதான் ஓடியது. மரங்கள் ஒழுங்காகப் பின்னால் போயின. முதல் வளைவில் உறையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. தம்பி விசிலடித்தான். இறக்கம் கூடிக்கொண்டே போனது. விசிறியின் இரைச்சலும் கூடியது, இன்ஜின் முக்குவதுபோல. நடு வளைவு தெரிந்தது. பிரேக்கை மிதித்தாள்.

திரை அணைந்தது. சத்தம் நின்றது. கால் கீழே போய்க்கொண்டே இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. தான் கத்திய சத்தம் தனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கரண்டா இருக்கும்" என்று கணவர் அவள் தோளைப் பிடித்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை.

"என் காலுதாங்க. என் கால் பட்டா எதுவும் நிக்காது."

"அந்த வளைவுல பேய் கீய் இருக்கும்க்கா" என்றான் தம்பி. யாரும் சிரிக்காததால் தலையைச் சொறிந்தான். "சூடு கண்ட பூனை மாதிரி ஆயிட்டக்கா நீ. இன்னொரு தடவை ஓட்டு, சரியாயிடும்."

அவளுக்கு எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. போனால் பார்சல் அறைக்குத்தான் போக வேண்டும் என்பதும் தெரிந்தது. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி மேலிருந்து இறங்கினாள். பற்கள் கிட்டித்துப் போயிருந்தன. இந்தத் தடவை நடு வளைவு கண்ணில் படவேயில்லை. அதற்கு வெகு முன்பே திரை கறுத்தது.

அவள் கத்தவில்லை. இருட்டான திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேய் வளைவில் இருந்தால் வளைவில்தானே பிடிக்க வேண்டும்? முன்னாலேயே பிடிக்கிறதே. இது இடத்தில் இருக்கிற பேய் இல்லை. ஏதோ ஏறிக்கொண்டே வருகிறது. முதல் தடவை ஏறியது இறங்குவதற்குள் நாம் மறுபடி கிளப்பிவிட்டோம். குனிந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் மூக்கை வைத்தாள். லேசாக, மிக லேசாக, ஒரு பிளாஸ்டிக் கருகல்.

"வாசம் வருதுடா."

"புது சாமான்க்கா" என்றான் தம்பி. "அப்படித்தான் வாசம் வரும், ரெண்டு நாள்ல..."

சொல்லி முடிக்கவில்லை. அவன் வாய் பாதியில் நின்றது. கணவர் சுவரைப் பார்த்தார்.

அவள் எழுந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"கழட்டு."

"அக்கா, நான்..."

"கழட்டுடா."

சூடு ஆறட்டும் என்றுகூட அவன் காத்திருக்கவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டே கூலரைக் கழற்றித் திருப்பினான். பளபளத்த அடிப்பாகத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சூட்டில் சுருங்கி, பசை அப்பி, ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த ஓரத்தில், இங்கே பிடித்து உரி என்று அம்புக்குறி போட்ட சிவப்பு வால் ஒன்று இருந்தது. மீசை பார்த்த அவசரத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. மூளையின் சூடு கூலருக்குப் போகிற வழியைத் தாளால் அடைத்துவிட்டு, விசிறியை வைத்து மேலே விசிறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தம்பி தாளை உரித்தான். உரித்ததைக் கீழே போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கும் நீ சொன்னேக்கா."

"சொன்னேன்" என்றாள். "சொல்லிட்டு, உன் பேச்சை நம்பினேன். என் மூக்கை நம்பல. போதும், எழுந்திரு. துடைச்சுட்டு மறுபடி பேஸ்ட் வை."

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அணையவில்லை. பயமும்தான் அணையவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து இறக்கத்தில் இறங்கினாள். சுவரில் இடித்தாள், பள்ளத்தில் விழுந்தாள், பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாள். ஒருநாள் கீழே வரைக்கும் போய்ச் சேர்ந்தபோதுகூட, முதுகுப்பக்கம் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓட்டுவதற்கு முன்னால் குனிந்து மூக்கை வைத்து மோந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கணவர் சலூன் நாற்காலிக்கடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது அது இறங்காது, ஏறவும் ஏறாது.

மாதக் கடைசியும் வந்தது. மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார். பயணிகள் இல்லாத வண்டி. மேல் ஊர் முனை வரைக்கும் அவள் ஓட்டி வந்தது சமதளம். அங்கே, இறக்கம் தொடங்கும் இடத்தில், அவள் வண்டியை ஓரம் கட்டி அணைத்தாள். கீழே துறைமுகத்தின் தண்ணீர் தகரம்போல மின்னியது.

"என்னம்மா? முடியலையா?"

"ஒரு நிமிஷம் சார்."

கதவைத் திறந்து இறங்கினாள். சக்கரம் சக்கரமாகப் போய்க் குனிந்து மோந்தாள். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். இடது பின்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு தடவை போனாள். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"டயர்கிட்ட ரகசியம் பேசறீங்களா?" என்றார் அதிகாரி, சன்னல் வழியாக.

ரப்பர் வாசம்தான் வந்தது, தூசி வாசம் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவு. இரண்டாவது. கை ஈரத்தில் ஸ்டியரிங் வழுக்கியது. சுவரில் அன்று உரசிய வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது. நடு வளைவு. காலை வைத்தாள். மிதி கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு கெட்டியாக எதிர்த்து நின்றது. வண்டி தலையைத் தாழ்த்தி மெதுவானது. கியர் மாறியது அதிகாரிக்குத் தெரியவில்லை.

துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அதிகாரி கேட்டார்: "பயணிங்க இருக்கும்போதும் இப்படி இறங்கி மோந்து பாப்பீங்களா?"

"பாப்பேன் சார்."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும். என்னால மோந்து பாக்காம இறக்க முடியாது சார்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு, வந்த இறக்கத்தைத் திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப நாளையிலேருந்து பணிமனையை விட்டுக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடுங்க, கிளட்சம்மா. லேட்டாச்சுன்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது."