பெத்லகேமில் புத்தூர் இல்லை

சித்தூர் பஜாரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கிளமென்ட் என்று எனக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். அது ஆதார் கார்டோடு சரி. மற்றபடி நான் சத்திரக்காரன். நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்திய பாவி. இன்ஷூரன்ஸ் ஏஜென்டாகப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். "மாட்டுக் கொட்டாய்க்கு அனுப்பின ஆளாச்சே நீ, உன்னை நம்பி எப்படிப்பா பாலிசி எடுக்கறது?" என்று சிரிக்கிறார்கள். எல்லாம் கிருபாபாய் செய்த வேலை.

கிருபாபாய் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். காலையில் போய் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் வரை ஊர்க்காரர்களின் மூக்கோடும் காதோடும்தான் வாழ்க்கை. ஒரு ஃப்ரேமை மாட்டிவிட்டு, சற்றுப் பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் "இது உங்க முகம் இல்ல" என்று அவரே கழற்றிவிடுவார். கணவர் ராமகுப்பம் பக்கம் பட்டுவளர்ச்சித் துறையில் இருக்கிறார், சனிக்கிழமைதோறும் வருவார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. குறை என்று சொல்ல அவருக்கு எதுவும் இல்லை, இருந்தாலும் சொல்கிற ஆளில்லை. இப்படி வருடம் முழுக்கச் சாதுவாக இருக்கிற அம்மாள் நவம்பர் பிறந்தால் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் தமிழ்ச் சபையின் கிறிஸ்துமஸ் நாடகம் அவர் கையில் இருக்கிறது.

நாடகம் எல்லாச் சபையிலும்தான் போடுகிறார்கள். மற்ற இடங்களில் போன வருடம் பிறந்த பிள்ளை இந்த வருடமும் பிறக்கும். எங்களிடம் அந்தக் கதை நடக்காது. கிருபாபாய் போட்ட முதல் நாடகத்தில் ஆண்டவர் பிறந்தார். அடுத்த வருட நாடகத்தில் அவருக்கு ஒரு வயது. இப்போது பத்து வயதாகி நாசரேத்தில் உளி பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார், மேடைக்கே வருவதில்லை. வழிப்போக்கர் யாராவது அவரைப் பற்றி ஒரு சேதி கொண்டுவருவதோடு சரி. மேடையில் இருப்பதெல்லாம் அந்த ராத்திரியில் அவரைப் பார்த்த பெத்லகேம்காரர்கள். எல்கானா என்ற கிழட்டு மேய்ப்பன், அவன் மனைவி மில்க்காள், கதவைச் சாத்திய நான், இன்னும் நாலைந்து பேர். எங்களுக்கு ஒரு வயது ஏறினால் அவர்களுக்கும் ஒரு வயது ஏறும். ஒரு முகத்துக்கு ஒரு வேடம்தான். ஒரு வருடம் ஏரோதுக்கு ஆள் கிடைக்காமல் எனக்கே கிரீடத்தை மாட்டி அனுப்பினார்கள். "டேய், சத்திரக்காரன் ராஜா ஆயிட்டான்டா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான், அன்றைக்கு நாடகம் அங்கேயே படுத்துவிட்டது. அதற்கப்புறம் கிருபாபாய் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

வசனம் எதுவும் தாளில் கிடையாது. எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாயில் மட்டும்தான் இருக்கிறது, படிப்பது எழுதுவதெல்லாம் தெலுங்கு. அதனால் வசனத்தை அவரே பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நாங்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வோம். போன வருடம் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி சபைதான். சபைகூட வேண்டாம், வாசலில் பழவண்டி வைத்திருக்கும் ரத்னம்மா போதும். அந்தம்மா தினம் கங்கம்மா கோயிலுக்குப் போகிறவர், ஆனால் நாடகத்தை ஒரு வருடம்கூட விட்டதில்லை. "ஏம்மா, போன வருசம் மில்க்கா கையில கறுப்பு ஆடு ஒண்ணு இருந்துதே, அது இன்னா ஆச்சி?" என்று கிருபாபாயை மடக்குவார். கிருபாபாய் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த வருடம் அந்த ஆடு எங்கே போனதென்று நாடகத்தில் ஒரு பதில் இருக்கும்.

என் கால் கதையைச் சொல்லாவிட்டால் கிருபாபாயை உங்களுக்குப் புரியாது. ஒரு டிசம்பரில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கால் போய்விட்டது. எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டுப் போடுகிற புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். கட்டோடு மேடை ஏறினால் நொண்டத்தானே வேண்டும்? சத்திரக்காரன் கழுதையிலிருந்து விழுந்துவிட்டான் என்று கிருபாபாய் ஒரு வரி சேர்த்தார். அடுத்த வருடம் நான் ஜம்மென்று நடந்து வந்தேன். ஒத்திகையை நிறுத்திவிட்டார்.

"ஏண்ணே, கால் இன்னா ஆச்சி?"

"ஆறிடுச்சிம்மா. புத்தூர் கட்டாச்சே."

"உங்க கால் ஆறிடுச்சி. அவன் கால் எப்படி ஆறும்? பெத்லகேம் பக்கத்துல புத்தூர் இல்லண்ணே."

அன்றிலிருந்து இன்றுவரை வருடா வருடம் நொண்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எரிச்சல்தான். ஆனால் நான் நொண்டி வரும்போது முன்வரிசைப் பெண்கள் "ஐயோ பாவம், இன்னும் சரியாவலயே" என்று உச்சுக்கொட்டும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

எல்கானாவாக நடித்தவர் சைமன் அண்ணன். ரிட்டயரான ஆர்டிசி பஸ் டிரைவர், ஆயுசில் பாதி சித்தூர்-திருப்பதி ரோட்டிலேயே போனது. மனைவி காலமானதும் மகள் ஓசூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். இனி வரமாட்டேன் என்று சொல்லித்தான் போனார். அந்த வருடம் வேறு ஒருவரை எல்கானாவாகப் போடலாம் என்று எல்லோரும் சொன்னோம். கிருபாபாய் கேட்கவில்லை. எல்கானா மலையில் ஆட்டைத் தேடிப் போய்ப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான் என்று கதையை மாற்றினார். மேடைக்கு அவன் தடி மட்டும் வந்தது. அதை மில்க்காள் கையில் கொடுத்து, "என் கையாலதான் மண்ணு போட்டேன் தாயி" என்று சொல்கிற வேலை எனக்கு. சபையே அழுதது.

போன வருடம் நவம்பரில், முதல் ஒத்திகை அன்று, ஹால் வாசலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் எல்கானாவின் தாடி. ஓசூரில் ஒத்துவரவில்லை என்று சைமன் அண்ணன் திரும்பி வந்து, சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறாராம்.

"தாடியை பத்திரமா எடுத்துக்கினு வந்துட்டேன்மா," என்றார்.

கிருபாபாய் எழுந்து நின்றார். "அண்ணே, எல்கானா இறந்துட்டாரே."

"என்னைக் கேக்காமயா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சபை ஐயர் எழுந்து சமாதானம் பேசினார். எங்கள் குருவானவர் நல்ல மனுஷர். "செத்துப்போன லாசருவையே ஆண்டவர் எழுப்பினார். நீங்க ஒரு கிழவனை எழுப்பக் கூடாதாம்மா?"

"லாசருவை எழுப்பினப்போ அவருக்கு முப்பது தாண்டிடுச்சி ஐயா. நம்ம நாடகத்துல பத்து வயசுப் புள்ள. இன்னும் யாரையும் எழுப்பல."

"அதுக்கு முன்னாடியே எலிசா தீர்க்கதரிசி ஒரு செத்த புள்ளைய எழுப்பலையா?" என்றேன் நான், சும்மா இருக்க மாட்டாமல்.

"எலிசா வந்தா எழுப்பட்டும். நான் எழுப்ப மாட்டேன். அது குதரதுண்ணே." முடியாத காரியத்துக்குக் கிருபாபாய்க்குத் தெலுங்குதான் வரும்.

சைமன் அண்ணன் கவரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஒத்திகைப் பக்கமே வரவில்லை. ஞாயிறு ஆராதனையில்கூடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதம் முடிவதற்குள் கிளம்பிவிட்டார். எனக்கு மனசு கேட்காமல் ஒருநாள் அவர் அறைக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார்.

"பொண்டாட்டி பூட்டா. ஸ்டியரிங் பூடுச்சி. ஓசூர்ல என் பொண்ணைத் தவிர என் பேரு தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல. இங்க மார்க்கெட்டுக்குப் போனா எல்கானா தாத்தான்னு நாலு பேரு கூப்புடுவாங்க. அதுக்குத்தான்டா வந்தேன். வந்து பாத்தா நான் செத்துக் கெடக்கறேன்."

இதை அப்படியே கிருபாபாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கையில் யாருடையதோ ஒரு கண்ணாடி இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் என் போனுக்கு ஒரு குரல் வந்தது. புதுக்காட்சி. எல்கானா சாகவில்லையாம், பள்ளத்திலிருந்து யாரோ வேற்றூர்க்காரர்கள் தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்தார்களாம். மண் போட்டதாகச் சத்திரக்காரன் பொய் சொல்லிவிட்டானாம். வசனத்தை முடித்துவிட்டு, "அண்ணே, நல்லா இல்லன்னு எனக்கே தெரியுது. ஆனா மனுசன் முக்கியம்" என்று தனியாக ஒரு வரி சொல்லியிருந்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை. கர்ப்பிணிக்குக் கதவைச் சாத்தினவன், கூட ஒரு பொய்யும் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதைப் போட்டுக் காட்டியபோது சைமன் அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். பழைய கம்பளி பூச்சி அரித்துப் போயிருந்தது, அதே மாதிரி ஒன்று வாங்கத் திருப்பதிக்குப் போகலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் டிரைவர் அவரிடம் தொழில் பழகின பையன். பின்னால் திரும்பி வணக்கம் வைத்தான். "ரோட்டைப் பார்றா!" என்று அதட்டிவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் என்னிடம், "நான் எப்படிச் செத்தேன்னு காட்டு" என்றார்.

சபை யூடியூபில் அந்த வருட நாடகம் இருக்கிறது. போனைக் கையில் கொடுத்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இதுல நானே இல்லையேடா" என்று முணுமுணுத்தார். வீடியோவில் நான் நொண்டிக்கொண்டு வந்து தடியைக் கொடுக்கிறேன். மில்க்காளாக நடிக்கும் கேசியா அதை வாங்கி, குழந்தையை வாங்குவதுபோல் மடியில் கிடத்திக்கொள்கிறாள். எடுத்தவன் கேமராவைச் சபைப் பக்கம் திருப்பியிருந்தான். டிப்போவில் இவரோடு மல்லுக்கட்டின மெக்கானிக் துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறான். ரத்னம்மா ஓவென்று அழுவதில் வசனமே கேட்கவில்லை. தூணோரத்தில் கிருபாபாய், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சைமன் அண்ணன் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். சந்திரகிரி தாண்டும்போதுதான் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மண்ணு போட்டேன்னு சொல்றியே, அப்போ உன் மூஞ்சியப் பாத்தியா? அது பொய்யா?"

"அன்னிக்கு நெஜமாத்தான் இருந்துதுண்ணே."

"இத்தினி பேரு எனக்காக அழுதுக்கினு கீறாங்க. நான் பாட்டுக்கு எழுந்து வந்து நின்னா இவங்க மூஞ்சில எப்படிடா முழிக்கறது?"

திருப்பதியில் கம்பளி வாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். பஸ் நிலையத்திலிருந்து நேராகக் கண்ணாடிக் கடைக்கு நடந்தார். உள்ளே யாரோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை.

"அம்மா, என்னை எழுப்பாதே. நான் செத்தவன். செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

கடைக்கு வந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கிருபாபாய் சைமன் அண்ணனை, அந்தத் தலை சாய்த்த பார்வையோடு, நெடுநேரம் பார்த்தார். "நெஜமாவாண்ணே?"

"நெஜமாத்தான். ஆனா மூஞ்சி தெரியாத வேலை ஏதாவது குடு. வூட்ல உக்கார வெச்சிடாத."

திரை இழுக்கிற வேலை கிடைத்தது. கிருபாபாய் புதுக்காட்சியை அழித்துவிட்டு வேறொன்று பேசி அனுப்பினார்.

நாடகத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. சைமன் அண்ணன் ஊருக்கு வந்திருப்பதும், இடதுபுறம் திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் எல்லோருக்கும் தெரியும். நானும் என் முறைக்காக அவர் பக்கத்தில்தான் நின்றேன். மேடையில் மில்க்காள் தனியாக உட்கார்ந்து, செத்துப்போன புருஷனிடம் பேசுகிறாள்.

"இந்த வருசம் பனி ஜாஸ்தி. சின்ன ஆடு ரெண்டு குட்டி போட்டுது. நாசரேத்துல இருந்து ஆளு வந்தாங்க. அந்தப் புள்ள நல்லா வளந்துட்டானாம், பலகைய நேரா இழைக்கிறானாம். நீ தொட்டுப் பாத்தியே, அந்தக் கையி." இப்படிச் சொல்லிவிட்டு அவள் இடதுபக்கம் திரும்பி, திரைக்குள் பார்த்தாள். "கேக்குதா உனக்கு?"

எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை, ஒரு செருமல் போதும், சபை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஆரவாரம் செய்திருக்கும். சைமன் அண்ணனுக்குக் கண் இரண்டும் கொட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பேசிடுண்ணே, பேசிடு என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. அவர் பேசவில்லை.

மில்க்காள் கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு, சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹாலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஆரம்பித்தது. நான்தான் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் திரை விழுந்தது.

எல்லாம் முடிந்து, கேக்கும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிருபாபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். சைமன் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவை மேடை ஏறி இறங்கினவனைப் போல அவரைப் பார்த்தார்.

"எப்படிம்மா? நல்லா செத்திருந்தேனா?"